‘கெட்’ படுத்தும் பாடு

“ஐ காட் இட், மாம்.”

போன வாரம் இந்த ஒரு வரிக்கு மட்டும் எனக்கு முக்கால் மணி நேரம் போனது.

ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் பிழைப்பு. காட்சி என்னவோ ரொம்பச் சாதாரணம்தான். மகன் வீட்டுக்குள் நுழைகிறான். அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நிற்கிறாள். அவன் அந்த வரியைச் சொல்கிறான், அவள் கட்டிக்கொள்கிறாள். ஒரு வேலைக்காக அவன் காத்துக்கிடந்தது முந்தைய காட்சியிலேயே வந்துவிட்டது. ஆகவே ‘வேலை கிடைச்சிடுச்சும்மா’ என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

நான்காவது எபிசோடில் மாட்டிக்கொண்டேன். அந்த வேலைக்காக அவன் கூடப் படித்தவனைக் காட்டிக்கொடுத்திருக்கிறான். அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அழாமல், சத்தம் போடாமல், “நீ என்கிட்ட பொய் சொல்லலை, சொல்லாம விட்ட, அவ்வளவுதான்” என்கிற அர்த்தத்தில் ஒரு வசனம் சொல்கிறாள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஆங்கிலத்தில் ‘காட்’ என்று, அதாவது ‘கெட்’டின் இறந்தகாலத்தில் சொன்ன மகன் பொய் சொல்லவில்லை. ‘கிடைச்சிடுச்சு’ என்று சொன்ன என் மகன் பொய் சொல்லிவிட்டான்! கிடைத்தது என்றால் தானாக வந்து சேர்ந்தது என்று அர்த்தம். அவனுக்கு அது தானாக வரவில்லை.

முதல் எபிசோடைத் திறந்து அந்த வரியை ‘வாங்கிட்டேம்மா’ என்று மாற்றினேன். எப்படி வாங்கினான் என்பதை வாங்கு சொல்லாது. கேட்டு வாங்கலாம், உழைத்து வாங்கலாம், அடித்துப் பிடுங்கியும் வாங்கலாம். தமிழில் ‘கெட்’டுக்குக் கிட்டத்தில் வருகிற சொல் இதுதான் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு எண்ணம். அன்றைக்கு உறுதியாகிவிட்டது.

பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்னவோ ‘பெறு’. என் அண்ணன் மகள் ஆறாவது படிக்கிறாள். அவள் நோட்டிலும் ‘கெட் – பெறு’ என்றுதான் இருக்கிறது. பெறு என்ற சொல்லை நாம் எங்கே பயன்படுத்துகிறோம்? பரிசு பெற்றார், ஓய்வு பெற்றார், விடுதலை பெற்றது. எல்லாம் மேடையில் மாலையோடு நிற்கிற வாக்கியங்கள். ‘கெட்’ அப்படிப்பட்ட சொல் கிடையாது. வீட்டில் போட்டுக்கொள்கிற செருப்பு மாதிரி. கால் நுழைந்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

“அத்தை, கெட் அப்னா எழுந்திரி. கெட்னா பெறு. அப்போ ‘மேலே பெறு’னா எழுந்திரியா?” என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நோட்டில் கோடு போட்டு எழுதுகிற வழக்கம் டேபிள், சேர் மாதிரி சொற்களுக்குச் சரி. ‘கெட்’, ‘ரன்’, ‘செட்’ மாதிரி ஆட்களிடம் அந்தக் கோடு நிற்காது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் வருடப் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்குத்தான் ஆக நீளமான பதிவு. இப்போது திருத்தி எழுதிவரும் பதிப்பில் ‘ரன்’ அதைத் தாண்டிவிட்டது, வினைப் பொருள்கள் மட்டும் 645. ‘கெட்’ இந்தப் பந்தயத்தில் முதலில் வரவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்னைத் தடுக்கி விழவைக்கிறது என்று கணக்கெடுத்தால் முதல் பரிசு இதற்குத்தான்.

தமிழில் எழுதினால் வேறு, கெட் என்பது ஏதோ கெட்டுப்போன சொல்லின் பாதி மாதிரியே நிற்கிறது. ‘காட்’ பாதி காடு. ‘காட்டன்’ என்று எழுதினால் பருத்தித் துணி. அமெரிக்காவில் புழங்குகிற ‘காட்டன்’தான், கெட்டின் மூன்றாம் வடிவம். பிரிட்டனில் இன்று பெரும்பாலும் அந்த மூன்றாம் வடிவமும் ‘காட்’டே. ஆனால் அந்தக் காட்டன் அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது கிடையாது. முன்பு இங்கிலாந்திலும் இருந்ததுதான். அங்கே வழக்கு ஒழிந்தது, கடல் தாண்டிப் போனவர்கள் வாயில் தங்கிவிட்டது. ‘ஃபர்காட்டன்’ போன்ற சில சொற்களில் இரண்டு பக்கத்தாருக்கும் அது மிச்சம் இருக்கிறது.

சரி, வாங்குவுக்கு வருகிறேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திட்டு வாங்கினான், அடி வாங்கினான், மார்க் வாங்கினான், கடன் வாங்கினான், நல்ல பேர் வாங்கினான், பழி வாங்கினான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சோம்பேறியிடம் வேலை வாங்குகிறோம். கடல் உள்வாங்குகிறது, தோற்கிறவன் பின்வாங்குகிறான், குழந்தை கண் வாங்காமல் பார்க்கிறது. சங்கப் பாட்டில் வளைந்த மூங்கிலுக்கு ‘வாங்கமை’ என்று பெயர். வளைதல், இழுத்தல், பெறுதல், காசு கொடுத்துக் கொள்ளுதல் எல்லாம் அகராதியில் இந்த ஒரே சொல்லுக்குக் கீழே வரிசையில் நிற்கின்றன. தமிழ் படிக்க வரும் வெள்ளைக்காரர் ஒருவர் இதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதலாம். எழுதியும் இருப்பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் வாங்கு தோற்றுப்போகும். ‘ஐ காட் எ கோல்டு’. சளியை யாரும் வாங்குவதில்லை. எனக்குச் சளி பிடித்திருக்கிறது. பிடித்தது சளி, பிடிபட்டவள் நான். ‘ஐ காட் எ லெட்டர்’, எனக்குக் கடிதம் வந்தது. வந்தது கடிதம், நான் சும்மா இருந்தேன். ‘ஐ காட் த ஜோக்’, எனக்கு ஜோக் புரிந்தது. ‘ஐ காட் ஸ்கேர்டு’, எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அத்தனையிலும் ‘ஐ’ எழுவாயாக முன்னால் வந்து நிற்கிறது, ஏதோ எல்லாம் தான் செய்த காரியம் மாதிரி. தமிழில் நான் நான்காம் வேற்றுமைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறேன். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தூக்கம் வருகிறது, எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டதில்கூட என் பங்கு எதுவும் இல்லை பாருங்கள்.

என் தொழிலில் இதுதான் தலைவலி. ‘காட்’ என்று வந்தால், அதை அவன் செய்தானா, அவனுக்கு நடந்ததா என்று நான் முடிவு செய்தாக வேண்டும். கதாசிரியர் வேண்டுமென்றே மூடிவைத்ததை நான் திறந்துவிடக் கூடாது. அதே நேரம் தமிழ் என்னைச் சும்மாவும் விடாது. கிடைத்ததா, வாங்கினாயா, வந்ததா, பிடித்ததா, ஒன்றைச் சொல் என்று நிற்கும்.

இடம் வேறு கிடையாது. நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி. அந்த எழுத்துக் கணக்கும் நமக்குப் பாதகமானது. என் மென்பொருள் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணும். கண்ணுக்கு ‘கிடைத்தது’ ஐந்து எழுத்து, மென்பொருளுக்கு ஒன்பது. அவர்களுடைய ‘காட் இட்’ நடுவில் விட்ட இடத்தையும் சேர்த்து ஆறுதான்.

இந்தச் சொல்லோடு எனக்குப் பகை பழையது. என் ஆங்கில ஆசிரியை ஒருவர் கட்டுரையில் ‘கெட்’டைப் பார்த்தால் சிவப்பு மையால் வட்டம் போடுவார். சோம்பேறிகளின் சொல் என்பார். ரிசீவ், அப்டெய்ன், பிகம், அரைவ், இவற்றில் ஒன்றைப் போடு என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குச் சொல்வளம் கூட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அந்த வட்டத்தின் பயம் எனக்கு வேலைக்குப் போன பிறகும் போகவில்லை. முதல் வேலையில் முதல் விடுப்புக்கு எழுதிய மெயிலில், ஜுரம் வந்திருக்கிறது என்பதற்கு ‘ஐ ஹேவ் ரிசீவ்டு எ ஃபீவர்’ என்று எழுதினேன். மூன்று நாள் கழித்துத் திரும்பிப் போனபோது பக்கத்து இருக்கைக்காரர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: “யார் மேடம் அனுப்பி வச்சாங்க? கூரியர்லயா வந்துச்சு?”

‘கெட்’டைத் தவிர்த்து ஆங்கிலம் எழுதலாம். தவிர்த்துப் பேசினால் கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் அந்த ‘காட் டு’ சமாசாரம். அதே வேலையில், இரண்டாவது வருடம். என் மேலதிகாரி காலையில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: ‘ஐ காட் டு ஸ்பீக் டு த க்ளையன்ட்’. நான் அதை ‘க்ளையன்டிடம் நான் பேசியாக வேண்டும்’ என்று படித்தேன். ஐயோ, இவர் ஏன் சிரமப்பட வேண்டும் என்று நானே போன் போட்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, ஒரு வாரம் அவகாசமும் கேட்டுவிட்டேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. “உங்க சார் காலையிலேயே பேசிட்டாரே? வெள்ளிக்கிழமை தர்றதா சொன்னாரே?” என்றார் அவர். மேலதிகாரி சொன்னது ‘பேச வாய்த்தது, பேசிவிட்டேன்’ என்று.

‘ஐ ஹேவ் காட் டு ஸ்பீக்’ என்றால் பேசியே ஆக வேண்டும். ‘ஐ காட் டு ஸ்பீக்’ என்றால் பேசக் கொடுத்துவைத்தது. ஒன்று கட்டாயம், மற்றது பாக்கியம். நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ‘ஹேவ்’தான் வித்தியாசம். அதையும் பேச்சில் முழுங்கிவிடுவார்கள். முழுங்கிய பிறகு இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும், சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் அப்படித்தான் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வேலை போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் ராத்திரி பதினோரு மணி வரை ஆபீஸில் இருந்தேன்.

வேலை போவது என்றதும் இன்னொன்று. ‘ஹீ வாஸ் ஃபயர்டு’, ‘ஹீ காட் ஃபயர்டு’. இலக்கணப் புத்தகம் இரண்டையும் செயப்பாட்டு வினை என்று ஒரே பையில் போட்டுவிடும். முதலாவது செய்தித்தாள்: பணியிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டாவது டீ இடைவேளைப் பேச்சு. ‘காட்’ வந்தால் நடந்தது அந்த ஆளைப் போய்த் தாக்கியது தெரிகிறது. சில சமயம் அவனும் ஏதோ பண்ணிவைத்திருப்பான் என்ற வாடையும் வருகிறது. நடுவில் ‘ஹிம்செல்ஃப்’ என்று ஒன்றைச் செருகி ‘ஹீ காட் ஹிம்செல்ஃப் ஃபயர்டு’ என்றால் சந்தேகமே இல்லை, வேலையைக் கெடுத்துக்கிட்டான். நல்ல பொருத்தம், கெட்டுக்குக் கெடு!

இதை வெகுநாள் மொழிபெயர்த்த பிறகுதான் தமிழிலும் அச்சாக இதே ஏற்பாடு இருப்பது கண்ணில் பட்டது. ‘அவன் அடிக்கப்பட்டான்’ என்று தெருவில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அது எழுத்து. பேச்சில் அடி வாங்கினான், அடிபட்டான், மாட்டிக்கிட்டான், சிக்கிக்கிட்டான். ஆங்கிலம் ‘பெறுதல்’ என்ற பொருளுள்ள வினையை எடுத்துச் செயப்பாட்டு வினைக்கு உதவிக்கு வைத்துக்கொண்டது. நாம் வாங்கு, படு, கொள் என்று மூன்று பேரை வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கொள்ளும் ஒரு காலத்தில் எடுத்தல், வாங்குதல் என்று தனிக்குடித்தனம் நடத்திய சொல்தான். ‘கொள்முதல்’ என்று இன்றும் சொல்கிறோமே. பிறகு மற்ற வினைகளின் வாலில் ஒட்டிக்கொண்டு, படித்துக்கொள், பார்த்துக்கொள், புரிந்துகொள் என்று வாழ்கிறது. ‘டோன்ட் கெட் மீ ராங்’ என்று வந்தால் எனக்கு யோசனையே தேவையில்லை. தப்பா எடுத்துக்காதீங்க.

பிறரைக் கொண்டு ஒன்றைச் செய்விப்பதிலும் அப்படியே. ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லலாம். ‘ஐ மேட் ஹிம் சைன்’ என்றால் வற்புறுத்திப் போட வைத்தேன். ‘ஐ ஹேட் ஹிம் சைன்’ என்றால் போடச் சொன்னேன், போட்டான், அது அவன் வேலை. ‘ஐ காட் ஹிம் டு சைன்’ என்றால் அவன் முதலில் மசியவில்லை, நான் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தேன். கெட்டுக்கு மட்டும் நடுவில் ஒரு ‘டு’ தேவைப்படுகிறது. மேக்குக்கும் ஹேவுக்கும் அது கூடாது. பரீட்சையில் நிறையப் பேர் கோட்டைவிடுகிற இடம். தமிழில் இது ஒரே மூச்சில் முடிகிறது: ஒருவழியா அவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். மறுபடியும் வாங்குதான்.

ஆகுதல் பொருளில் வரும் கெட்டைப் பற்றி அதிகம் புலம்ப மாட்டேன், அதில் நமக்குத்தான் லாபம். ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’, மூன்று சொல். நமக்கு ‘இருட்டுது’. ‘கெட்டிங் கோல்டு’ என்றால் குளிருது. ‘கெட் வெட்’ என்றால் நனை. ‘கெட் யூஸ்டு டு’ என்று மூன்று படி ஏறி அவர்கள் போகிற இடத்துக்கு நாம் ‘பழகு’ என்று ஒரே தாவலில் போய்விடுகிறோம். நம் மொழியில் இருளும் குளிரும் தாமே வினையாகிவிடும். அவர்களுக்கு உரிச்சொல்லைத் தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி தேவைப்படுகிறது, அந்த வண்டிதான் கெட். எல்லா உரிச்சொல்லும் அதில் ஏறாது என்பது வேறு விஷயம். பைத்தியம் பிடிப்பதற்கும் கண் பார்வை போவதற்கும் ‘கோ’ வர வேண்டும். முகம் சிவக்க ‘டர்ன்’ பொருத்தம். ஏன் என்று கேட்டால் அதற்கு ஒழுங்கான விதி கிடையாது. கேட்டுக் கேட்டுக் காதில் ஏறினால்தான் உண்டு.

சொல்ல மறந்தேனே, இந்தச் சொல் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளையே கிடையாது. ஒன்பதாம் நூற்றாண்டில் படையெடுத்து வந்து, அப்படியே குடியும் ஏறிய ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்தது. அவர்கள் மொழியில் ‘கெட்டா’. ‘டேக்’, ‘தே’ போன்ற அன்றாடச் சொற்களும் அவர்கள் வழி வந்தவைதான். பழைய ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு பங்காளி இருந்தான். ஆனால் தனியாக நடமாடியது மிகக் குறைவு, முன்னொட்டோடுதான் பெரும்பாலும் வருவான். அவன் வாயில் அந்த முதலெழுத்து யகரம் மாதிரி ஒலிக்கும். வந்தவர்களின் உச்சரிப்பு வெல்லாமல் போயிருந்தால் இன்று எல்லாரும் ‘யெட்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பரவாயில்லை. கெட்டது என்ற நினைப்பாவது வராது.

அந்தப் பங்காளியின் வழியில் வந்ததுதான் ‘ஃபர்கெட்’. ‘கெட்’ என்றால் பற்றுதல், முன்னால் வரும் ‘ஃபர்’ விலகிப்போவதைக் குறிக்கும். பிடி நழுவினால் மறதி. பரீட்சை அறையில் உட்கார்ந்திருக்கும்போது விடை கையில் பிடித்த மீன் மாதிரி வழுக்கிப் போனதை நினைத்தால், ஆயிரம் வருடத்துக்கு முன் இந்தச் சொல்லைச் செய்தவர் மேல் ஒரு மரியாதை வருகிறது. ‘கெஸ்’ என்ற ஊகத்துக்கும் இதே குடும்பம்தான் என்று கருதுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. ‘காம்ப்ரிஹெண்ட்’ என்று பெரிய மனிதர்கள் சொல்கிறார்களே, அது லத்தீன் வழி வந்தது. இன்னும் பின்னால் போனால் அதற்கும் கெட்டுக்கும் ஒரே வேர், ‘பிடி’ என்று பொருள்படும் வேர். ஆகவே புரிந்தது என்பதற்கு ‘ஐ காட் இட்’ என்று எழுதியதற்காக வட்டம் போட்டு, காம்ப்ரிஹெண்ட் போடு என்று சொன்ன என் ஆசிரியை, தம்பியை வெளியே அனுப்பிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்.

‘ஹேவ் காட்’ பற்றி எழுதாவிட்டால் அண்ணன் மகள் கோபித்துக்கொள்வாள், அவள் கேட்ட இரண்டாவது கேள்வி அது. “ஐ ஹேவ் எ பேனாவும் ஐ ஹேவ் காட் எ பேனாவும் ஒண்ணுதானே, நடுவுல காட் எதுக்கு?” ஒன்றுதான். முன்பு ‘வாங்கியிருக்கிறேன்’ என்று இருந்தது, வாங்கியவரிடம் பொருள் இருக்கத்தானே செய்யும் என்று நாளடைவில் ‘என்னிடம் இருக்கிறது’ என்று படிந்துவிட்டது. நம்முடைய ‘வச்சிருக்கேன்’ அதே கதைதான். வைத்தல் போய்விட்டது, இருத்தல் மட்டும் நிற்கிறது. ஆனால் ஆட்களுக்கு அதைப் போட்டுவிடக் கூடாது. ‘ஐ ஹேவ் காட் டூ வைவ்ஸ்’ மாதிரி சிக்கலான வரிகூட வேண்டாம், ‘ஐ ஹேவ் காட் எ வைஃப்’ என்று ஒரு நல்ல மனிதர் சொன்னதை ஒரு தானியங்கி மொழிபெயர்ப்பு ‘நான் ஒரு மனைவியை வைத்திருக்கிறேன்’ என்று கொடுத்தது. திருத்த என்னிடம் வந்தது. ‘எனக்குக் கல்யாணமாயிடுச்சு’ என்று மாற்றி அவர் மானத்தைக் காப்பாற்றினேன்.

சில ‘கெட்’ வரிகளுக்குத் தமிழ் தயாராகக் காத்திருக்கும். அந்த நாட்களில் சம்பளம் வாங்கவே வெட்கமாக இருக்கும். ‘வாட்ஸ் காட்டன் இன்டு யூ?’ என்றால் உனக்கு என்ன வந்துச்சு? ‘கெட் லாஸ்ட்’ என்றால் போய்த் தொலை. தொலைவதுகூட அப்படியே! ‘வீ கெட் பை’, ஏதோ ஓடுது. வரவுக்கும் செலவுக்கும் இழுத்துப் பிடித்து வாழ்கிற ஒரு குடும்பத்தின் மொத்த நிலைமையும் அந்த ‘ஏதோ’வில் இருக்கிறது. ஆங்கிலத்தில்கூட அவ்வளவு இல்லை.

‘கெட் அவே வித்’ மட்டும் இன்றுவரை எனக்கு அடங்கவில்லை. தப்புப் பண்ணியவன் தண்டனை இல்லாமல் நழுவுவது. தப்பிச்சிட்டான் என்றால் தப்புப் பண்ணியதே தெரியாது, யாரோ துரத்தினார்கள் போலாகிவிடும். ‘பண்ணிட்டு ஜாலியா சுத்துறான்’ என்று ஒரு தடவை போட்டேன். சரிபார்ப்பவர் அந்த ‘ஜாலி’யைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். சிவப்பு வட்டத்திலிருந்து மஞ்சள் கோட்டுக்கு வந்திருக்கிறேன், முன்னேற்றம்தான்.

இப்போது கையில் இருக்கிற வேலையில் ஒரு வரி மூன்று நாளாக நிற்கிறது. வெளிவராத தொடர் என்பதால் படத்தை முழுசாகத் தர மாட்டார்கள். திரை முழுக்கக் கறுப்பு, பேசுகிறவரின் முகம் மட்டும் ஒரு வட்டத்துக்குள் தெரியும். ராத்திரிக் காட்சி. தண்ணீர் சலசலக்கிற சத்தம். ஒரு பெண்ணின் முகம் வட்டத்தில் வருகிறது, பின்னால் யாரையோ திரும்பிப் பார்க்கிறாள். “கெட் இன்” என்கிறாள். வட்டம் மறைந்துவிடுகிறது.

‘கெட் இன்’னுக்கு மேல் கீழ் என்ற கவலை கிடையாது, உள்ளே போனால் சரி. எனக்கு அப்படி இல்லை. படகு என்றால் ஏற வேண்டும், தண்ணீர் என்றால் இறங்க வேண்டும். படகு இருக்கிறதா என்று ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். ஸ்கிரிப்டைப் பார்த்துச் சொல்வதாகப் பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. ‘உள்ள வா’ என்று பொதுவாகப் போட்டுப் பார்த்தேன், வீட்டு வாசலில் நின்று விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அழித்துவிட்டேன். சத்தத்தைக் கூட்டிவைத்து மறுபடி மறுபடி கேட்கிறேன். சலசலப்புக்கு நடுவே மரத்தில் மரம் இடிக்கிற மாதிரி ஒரு டொக் கேட்கிறது. துடுப்பாக இருக்கலாம். படித்துறையில் கட்டிய ஏதாவது ஒன்றாகவும் இருக்கலாம்.